பிரிண்ட்எஃப் போட்டும் திரையில் எழுத்து வரவில்லையா? சி நிரலின் தாமத அவுட்புட்டைச் சரிசெய்யும் வழிகள்

சி நிரலை ஓட்டுகிறீர்கள். “வயதைக் கொடுங்கள்:” என்று கேட்க வேண்டிய இடத்தில் திரை வெறுமையாக இருக்கிறது. எதையோ தட்டி என்டர் அழுத்தினால் கேள்வியும் விடையும் சேர்ந்து வந்து விழுகின்றன. இன்னொரு நிரல் டெர்மினலில் வரி வரியாகச் சரியாக ஓடுகிறது. லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் நாலைந்து நிமிடம் கோப்பு காலியாகவே கிடக்கிறது. மூன்றாவது நிரல் 40-ஆவது வரியில் கிராஷ் ஆகிறது, ஆனால் 30-ஆவது வரியிலுள்ள பிரிண்ட்எஃப் கூடத் திரைக்கு வந்து சேரவில்லை. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: எழுத்து நிரலுக்குள்ளேயே பஃபரில் (அனுப்புமுன் எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் நினைவகப் பகுதி) தங்கிவிட்டது.

பஃபரை உடனே காலி செய்யும் எஃப்ஃப்ளஷ் ஃபங்ஷனை நிரல் முழுக்கத் தூவினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஆனால் எழுத்து எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் தூவினால் நிரலின் வேகம் போகும். பிரச்சினை பைப்பின் (ஒரு நிரலின் அவுட்புட்டை இன்னொரு நிரலுக்குக் கொடுக்கும் இணைப்பு) அடுத்த முனையில் இருந்தாலோ, உங்கள் கோடை எத்தனை முறை மாற்றினாலும் எதுவும் மாறாது. அதனால் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மருந்து அதற்குப் பிறகு.

ஒரு குறிப்பு: ஃபங்ஷன் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். தட்டும்போது வழக்கம்போல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். நல், பஃப்சிஸ், அடிக்கோட்டில் தொடங்கும் _ஐஓஎன்பிஎஃப் போன்ற மேக்ரோக்கள் மட்டும் பெரிய எழுத்து.

எழுத்து எங்கே தங்குகிறது

பிரிண்ட்எஃப் தான் தயாரித்த எழுத்துகளை எஸ்டிடிஅவுட் என்ற வழக்கமான அவுட்புட் ஸ்ட்ரீமின் பஃபரில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அந்த பஃபர் உங்கள் நிரலின் நினைவகத்திலேயே இருக்கிறது. ரைட் என்ற சிஸ்டம் கால் அதை இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒப்படைத்த பிறகுதான் டெர்மினலோ, கோப்போ, பைப்பின் மறுமுனையோ அதைப் பார்க்க முடியும். ஒவ்வொரு எழுத்துக்கும் கெர்னலைக் கூப்பிடுவது செலவு என்பதால் லைப்ரரி சேர்த்துவைத்து அனுப்புகிறது.

எப்போது அனுப்பும் என்பதற்கு மூன்று முறைகள் உண்டு. முழு பஃபர் என்றால் பஃபர் நிரம்பும்வரை எதுவும் போகாது. வரி பஃபர் என்றால் நியூலைன் வந்ததும் போகும். பஃபர் இல்லாத முறையில் உடனுக்குடன் போகும். சி ஸ்டேண்டர்டு சொல்வது இவ்வளவுதான்: எஸ்டிடிஅவுட் மனிதர் முன்னால் இருக்கும் சாதனத்தோடு இணைக்கப்படவில்லை என்று தீர்மானிக்க முடிந்தால் அது முழு பஃபரில் இருக்கும், பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎர் ஸ்ட்ரீம் ஒருபோதும் முழு பஃபரில் இருக்காது. மீதியை அந்தந்த லைப்ரரி முடிவு செய்கிறது.

லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி, முதல் அவுட்புட் வரும்போது 1-ஆம் எண் ஃபைல் டிஸ்கிரிப்டர் டெர்மினலா என்று பார்க்கும். டெர்மினல் என்றால் வரி பஃபர், அளவு 1024 பைட். பைப் அல்லது கோப்பு என்றால் முழு பஃபர், அளவு வழக்கமாக 4096 பைட். அதே நிரல், அதே கோட்; வெளியே என்ன மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. “டெர்மினலில் வருகிறது, லாக்கில் வரவில்லை” என்ற புகார் முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து பிறக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நியூலைனோடு சேர்த்து 16 பைட் நீளமுள்ள ஒரு வரியை நொடிக்கு ஒருமுறை அச்சிடும் சென்சார் நிரல். 4096-ஐ 16-ஆல் வகுத்தால் 256 வரி. லாக் கோப்பில் முதல் எழுத்து தெரிய 256 நொடி, அதாவது 4 நிமிடம் 16 நொடி ஆகும். பிறகு 256 வரியும் ஒரே அடியாகக் கொட்டும், மறுபடி 4 நிமிடம் 16 நொடி மௌனம். உங்கள் தாமதம் இப்படி ஒரே இடைவெளியில் மொத்த மொத்தமாக வருகிறதென்றால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம், அது முழு பஃபர்தான்.

தமிழில் அச்சிடும் நிரல்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை இருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். “வணக்கம்” என்ற சொல்லில் 7 குறியீடுகள் (புள்ளிகள் தனிக் குறியீடு), ஆக 21 பைட், நியூலைனோடு 22. 4096 பைட்டில் 186 முழு வரிகள் 4092 பைட்டைப் பிடித்துக்கொள்ளும். மீதி 4 பைட்டில் ‘வ’ முழுதாக உட்காரும், ‘ண’ என்ற எழுத்தின் முதல் பைட் மட்டும் உள்ளே வரும், மற்ற இரண்டும் அடுத்த தவணையில் போகும். பைப்பின் மறுமுனையில் இருக்கும் நிரல், ஒவ்வொரு முறை வாசித்த துண்டையும் தனித்தனியாக டீகோட் செய்தால், அந்த இடத்தில் ‘ண’ உடைந்து கேள்விக்குறிக் கட்டமாகத் தெரியும். சில நூறு வரிக்கு ஒருமுறை ஓர் எழுத்து மட்டும் சிதைந்தால் எழுத்துருவைச் சந்தேகிக்காதீர்கள். வாசிக்கும் நிரலை, வரி முடியும்வரை பைட்டுகளைச் சேர்த்துவைத்து அதன்பின் டீகோட் செய்யுமாறு மாற்றுங்கள்.

கோடைத் தொடுமுன் செய்ய வேண்டிய சோதனை

நிரலை ஓடவிட்டு அதன் பிராசஸ் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 4182 என்று வைப்போம். லினக்ஸில் இதைப் பாருங்கள்:

எல்எஸ் -எல் /ப்ராக்/4182/எஃப்டி/1

அம்புக்குறிக்கு வலப்பக்கம் தேவ் பிடிஎஸ் என்று வந்தால் டெர்மினல். பைப் என்றோ, சாக்கெட் என்றோ, ஒரு கோப்பின் பெயரோ வந்தால் நிரல் முழு பஃபரில் ஓடுகிறது.

அடுத்து, நிரல் அழைக்கும் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவி. ரைட் எப்போது, எத்தனை பைட்டோடு நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்:

எஸ்ட்ரேஸ் -டிடி -பி 4182 -இ ட்ரேஸ்=ரைட்

மேலே சொன்ன சென்சார் நிரலில் இப்படி வரும் (நொடியின் பின்னங்களை விட்டிருக்கிறோம்):

10:15:02 ரைட்(1, "…", 4096) = 4096
10:19:18 ரைட்(1, "…", 4096) = 4096

நொடிக்கு ஒருமுறை 16 பைட் போக வேண்டிய இடத்தில் 4 நிமிடத்துக்கு ஒருமுறை 4096 போகிறது. எழுத்து உங்கள் நிரலுக்குள்தான் நிற்கிறது. மாறாக, நொடிக்கு ஒரு ரைட் சரியாகப் போயும் திரையில் தாமதம் என்றால், உங்கள் நிரல் தன் வேலையைச் செய்துவிட்டது. தடை அதற்கு அப்பால், பைப்பில் அடுத்து நிற்கும் நிரலிலோ ஐடிஇயின் கன்சோலிலோ இருக்கிறது. எஃப்ஃப்ளஷ் அங்கே உதவாது.

ரைட் எதுவுமே வரவில்லை என்றால் வடிகட்டியை (-இ பகுதியை) எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கடைசி வரி ரீட்(0, என்று முடிக்காமல் தொங்கினால் நிரல் உள்ளீட்டுக்காகக் காத்திருக்கிறது. அவுட்புட் தாமதம் என்று தவறாக நினைக்கப்படும் பிழை ஒன்று இங்கே அடிக்கடி பிடிபடும்: ஸ்கேன்எஃப் வடிவச் சரத்தில் சதவீத-டிக்குப் பின்னால் ஒரு நியூலைனையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். ஸ்கேன்எஃபுக்கு அந்த நியூலைன், “வெற்றிடம் அல்லாத ஏதாவது வரும்வரை எல்லா வெற்றிடத்தையும் விழுங்கு” என்று பொருள்படும். அதனால் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தியும் நகராது. இன்னொரு எழுத்தைத் தட்டினால்தான் அடுத்த பிரிண்ட்எஃபுக்கே போகும். நியூலைனை வடிவச் சரத்திலிருந்து எடுத்துவிடுங்கள், தீர்ந்தது.

எஸ்ட்ரேஸ் இல்லாத இடத்தில் எளிய சோதனை ஒன்று: சந்தேகப்படும் ஒரு வரியை மட்டும் எஃப்பிரிண்ட்எஃப்(எஸ்டிடிஎர், …) என்று மாற்றி ஓட்டுங்கள். அந்த ஒரு வரி மட்டும் உடனே வந்து மற்றவை தாமதித்தால் பஃபர்தான் காரணம்.

கேள்வி கேட்கும் நிரல்

ப்ராம்ப்ட் வரியில் பெரும்பாலும் நியூலைன் இருக்காது. பதிலை அதே வரியில் தட்டட்டும் என்று விட்டிருப்போம். வரி பஃபரில் நியூலைன் இல்லாத எழுத்து உள்ளேயே நிற்க வேண்டும். ஆனாலும் லினக்ஸ் டெர்மினலில் பெரும்பாலும் ப்ராம்ப்ட் தெரிந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். எஸ்டிடிஇன்னிலிருந்து வாசிக்கப் போகும்போது, வரி பஃபரில் இருக்கும் எஸ்டிடிஅவுட்டை ஜிலிப்சி தானாக வெளியேற்றிவிடுகிறது. இந்தச் சலுகையை ஸ்டேண்டர்டு கட்டாயமாக்கவில்லை, எல்லா லைப்ரரியும் தருவதுமில்லை. சொந்த மடிக்கணினியில் வேலை செய்த ப்ராம்ப்ட் வேறு இடத்தில் காணாமல் போவது இதனால்தான்.

தீர்வு ஒரே வரி. பிரிண்ட்எஃபுக்கு அடுத்து, ஸ்கேன்எஃபுக்கு முன்னால்:

எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஅவுட்);

ஃப்ளஷுக்கு முன்னால் ஓர் எஃப், ஆக மொத்தம் இரண்டு எஃப். பதிலுக்காகக் காத்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் இது இருக்க வேண்டும். நடுவர் நிரலோடு கேள்வி-பதிலாகப் பேசும் நிரல்போட்டிக் கணக்குகளிலும் இதே விதிதான். அங்கே இரண்டு பக்கமும் பைப் என்பதால் நியூலைன் போட்டும் பயனில்லை. ஃப்ளஷ் செய்யாவிட்டால் நடுவர் உங்களுக்காகவும் நீங்கள் நடுவருக்காகவும் காத்திருந்து நேரம் முடிந்துவிடும்.

எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்) என்று எழுதி மிச்ச உள்ளீட்டைக் கழிக்கும் பழக்கம் பல பாடக்குறிப்புகளில் இன்னும் தொடர்கிறது. உள்ளீட்டு ஸ்ட்ரீமுக்கு எஃப்ஃப்ளஷ் என்ன செய்யும் என்பதை ஸ்டேண்டர்டு வரையறுக்கவில்லை. மிச்சத்தைக் கழிக்க வேண்டுமென்றால் கெட்சார் ஃபங்ஷனை ஒரு வைல் லூப்பில் போட்டு, நியூலைன் அல்லது இஓஎஃப் வரும்வரை வாசித்துத் தள்ளுங்கள். கெட்சார் தருவதை வாங்கும் மாறி இன்ட் வகையாக இருக்கட்டும், சார் வகை வேண்டாம். இல்லாவிட்டால் இஓஎஃபை அடையாளம் காண்பதில் தவறு வரும்.

புள்ளி புள்ளியாக முன்னேற்றம் காட்டும் நிரல்களும் இந்த வகையே. லூப்பில் ஒரு புள்ளியை அச்சிட்டு ஸ்லீப்(1) போட்டால் பத்து நொடி கழித்துப் பத்துப் புள்ளியும் ஒன்றாக வரும். கேரேஜ் ரிட்டர்ன் போட்டு அதே வரியில் சதவீதத்தை மாற்றிக் காட்டுபவர்களுக்கும் அதே கதிதான், ஏனென்றால் கேரேஜ் ரிட்டர்ன் நியூலைன் ஆகாது. இங்கும் எஃப்ஃப்ளஷ் வேண்டும். ஆனால் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் வேண்டாம். சதவீத எண் மாறும்போது மட்டும் அச்சிட்டு ஃப்ளஷ் செய்தால் நூறு முறையோடு முடியும்.

விண்டோஸும் ஐடிஇகளும்

விண்டோஸில் சி ரன்டைமுக்கு வரி பஃபர் என்ற ஒன்றே கிடையாது. வரி பஃபரைக் கேட்கும் _ஐஓஎல்பிஎஃப் போட்டாலும் முழு பஃபராகத்தான் எடுத்துக்கொள்ளும். கன்சோல் விண்டோவில் நேரடியாக ஓட்டினால் ஒவ்வொரு பிரிண்ட்எஃபும் உடனே தெரியும், பிரச்சினை இல்லை. பைப்பில் ஓடினால் மொத்தமும் சேர்ந்துதான் வரும்.

எக்லிப்ஸ் சிடிடி விண்டோஸில் நிரலைத் தன் கன்சோல் பலகத்தோடு பைப் வழியாகத்தான் இணைக்கிறது. முதலாண்டு மாணவர்கள் பலரைக் குழப்பும் காட்சி அங்கே: ப்ராம்ப்டே வராது, குருட்டாம்போக்கில் எண்களைத் தட்டினால் நிரல் முடியும்போது எல்லாம் கொட்டும். மெயினின் முதல் வரியாக இதைப் போடுங்கள்:

செட்விபஃப்(எஸ்டிடிஅவுட், நல், _ஐஓஎன்பிஎஃப், 0);

இது பஃபரையே நிறுத்திவிடும். பயிற்சி நிரலுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டல்ல. மூன்றாவது இடத்தில் என்பிஎஃப் இருக்கும்போது கடைசிச் சுழியம் பற்றிக் கவலை வேண்டாம். அதே இடத்தில் எல்பிஎஃப் (வரி பஃபர்) அல்லது எஃப்பிஎஃப் (முழு பஃபர்) போட்டுச் சுழியத்தை அப்படியே விட்டால், விண்டோஸ் ரன்டைம் குறைந்தது 2 வேண்டும் என்று எதிர்பார்ப்பதால் தவறான பேராமீட்டர் என்று நிரலையே நிறுத்தக்கூடும். லினக்ஸில் அமைதியாக ஓடிய வரி விண்டோஸில் கவிழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிட் பேஷ் விண்டோவில் ஓட்டுபவர்களுக்கும் இது வரும். அந்த விண்டோ, சாதாரண விண்டோஸ் நிரலுக்கு டெர்மினலாகத் தெரியாமல் பைப்பாகத் தெரியலாம். கட்டளைக்கு முன்னால் வின்பிடிஒய் என்று சேர்த்து ஓட்டுங்கள், அல்லது கிட்டை நிறுவும்போது சூடோ கன்சோல் (போலி டெர்மினல்) ஆதரவு என்ற தேர்வு வந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

விஎஸ் கோடில் கோட் ரன்னர் நீட்சியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது இயல்பாகத் திறக்கும் அவுட்புட் பலகம் உள்ளீட்டை வாங்கவே வாங்காது. ஸ்கேன்எஃப் உள்ள நிரலை அதில் ஓட்டினால் எந்த ஃப்ளஷும் காப்பாற்றாது. நீட்சியின் அமைப்பில் ரன் இன் டெர்மினல் என்பதைத் தேர்ந்துவிடுங்கள்.

செட்விபஃப் போடும் இடம் முக்கியம். அந்த ஸ்ட்ரீமில் வேறு எதுவும் செய்யுமுன் அழைத்துவிட வேண்டும். ஒரு பிரிண்ட்எஃப் ஓடிய பிறகு அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டேண்டர்டில் உத்தரவாதம் இல்லை. இரண்டாவது இடத்தில் நல்லுக்குப் பதிலாக உங்கள் சொந்த அரேயைத் தருவதாக இருந்தால் அது ஸ்டேட்டிக் ஆக இருக்கட்டும். மெயினுக்குள் சாதாரண அரேயாக வைத்தால், மெயின் முடிந்து அந்த இடம் செல்லாததான பிறகுதான் லைப்ரரி கடைசி ஃப்ளஷைச் செய்யும். கடைசி வரிகள் குப்பையாக வருவது அப்போதுதான்.

பைப், லாக், டாக்கர்

கோட் உங்கள் கையில் இருந்து, லாக் கோப்பை டெயில் -எஃப் போட்டு ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்றும் தெரிந்தால், மெயினின் தொடக்கத்தில் வரி பஃபரைக் கேளுங்கள்:

செட்விபஃப்(எஸ்டிடிஅவுட், நல், _ஐஓஎல்பிஎஃப், பஃப்சிஸ்);

லினக்ஸில் பெரும்பாலான சேவை நிரல்களுக்கு இதையே பரிந்துரைக்கிறோம். ஒரு லாக் வரி முழுதாக முடிந்ததும் போய்விடும், பஃபருக்குள் அடங்கும் வரி நடுவில் அரைகுறையாகப் போகாது. லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் கீழ் ஓடும் சேவையின் எஸ்டிடிஅவுட் ஜர்னலோடு சாக்கெட் வழியாக இணைந்திருக்கும். அதுவும் டெர்மினல் அல்ல என்பதால் அங்கும் இந்த வரி தேவை.

கோட் கையில் இல்லையென்றால் எஸ்டிடிபஃப் கட்டளை இருக்கிறது. நிரலின் பெயருக்கு முன்னால் எஸ்டிடிபஃப் -ஓஎல் என்று சேர்க்க வேண்டும். ஓ சிறிய எழுத்து, எல் பெரிய எழுத்து. பஃபரே வேண்டாம் என்றால் எல்லுக்குப் பதிலாக 0 என்ற இலக்கம். இந்தக் கட்டளை ஒரு சிறு லைப்ரரியை நிரலோடு முன்கூட்டியே ஏற்றி, அதன் வழியாக செட்விபஃப் அழைக்கிறது. ஆகவே ஸ்டேட்டிக்காக லிங்க் செய்த நிரலில் பலிக்காது. தானே செட்விபஃப் அழைத்துக்கொள்ளும் நிரலிலும், சி லைப்ரரியின் ஸ்ட்ரீம்களையே பயன்படுத்தாத நிரலிலும் பலிக்காது. அப்படிப்பட்ட இடத்தில், நிரலுக்கு ஒரு போலி டெர்மினலைக் காட்டி ஏமாற்றலாம்: எக்ஸ்பெக்ட் தொகுப்போடு வரும் அன்பஃபர் கட்டளை, அல்லது ஸ்கிரிப்ட் -கியூ -சி. டெர்மினல் என்று நம்பினால் சில நிரல்கள் வண்ணக் குறியீடுகளையும் சேர்த்து அனுப்பும். லாக்கில் விநோத எழுத்துகள் தெரிந்தால் அதுதான்.

பைப் சங்கிலி நீளும்போது ஒவ்வொரு கண்ணியையும் பாருங்கள். நிரல், அடுத்து வரிகளைத் தேடி எடுக்கும் கிரெப், அதற்கடுத்து வந்ததைக் கோப்பிலும் திரையிலும் எழுதும் டீ என்று ஒரு சங்கிலி. நிரலை வரி பஃபருக்கு மாற்றிய பிறகும் தாமதம் போகாது, ஏனென்றால் கிரெப்பின் அவுட்புட்டும் இப்போது பைப்புக்குத்தான் போகிறது. அதுவும் தன் பஃபரைச் சேர்த்துவைக்கும். கிரெப்புக்கு --லைன்-பஃபர்டு, செட்டுக்கு -யு என்ற தேர்வுகள் இதற்காகவே இருக்கின்றன. ஆக்கில் ஒவ்வொரு பிரிண்டுக்குப் பின்னும் எஃப்ஃப்ளஷ்() எழுதலாம். ஆனால் டெபியன், உபுண்டுவில் இயல்பாக இருக்கும் எம்ஆக், உள்ளே வாங்குவதையும் மொத்தமாக வாங்கும். அதற்கு -டபிள்யூ இன்டராக்டிவ் என்று தர வேண்டும். டீயைத் தொட வேண்டியதில்லை, அது வந்ததை அப்படியே கடத்திவிடும்.

நிரலைத் தனிக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கரில் -டி (டெர்மினல் கேட்கும் --டிடிஒய் தேர்வு) இல்லாமல் ஓட்டினால் எஸ்டிடிஅவுட் பைப்தான், அதனால் டாக்கர் லாக்ஸ் காலியாக இருக்கும். -டி சேர்த்தால் டெர்மினல் கிடைத்து உடனே வரும். ஆனால் எஸ்டிடிஅவுட்டும் எஸ்டிடிஎர்ரும் ஒரே ஓடையாகக் கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. நிரலுக்குள் செட்விபஃப் போடுவதே மேல். டாக்கர் ஸ்டாப் செய்யும்போதும் ஓர் ஆபத்து உண்டு: சிக்டெர்ம் (முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல்) அனுப்பி, இயல்பாக 10 நொடி காத்திருந்து, பிறகு சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல்) அனுப்பும். இரண்டில் எதனால் செத்தாலும், பஃபரில் இருந்த கடைசி 4096 பைட் வரை காற்றில் போகும். சிக்டெர்முக்கு ஒரு ஹேண்ட்லர் வையுங்கள். அதற்குள் எஃப்ஃப்ளஷ் அழைக்காதீர்கள், அது சிக்னல் ஹேண்ட்லரில் பாதுகாப்பானதல்ல. வோலடைல் சிக்_அடாமிக்_டி வகைக் கொடி ஒன்றை 1 ஆக்கிவிட்டுத் திரும்புங்கள். முதன்மை லூப் அந்தக் கொடியைப் பார்த்து வெளியேறி, மெயினிலிருந்து முறையாக ரிட்டர்ன் ஆகட்டும். பஃபர் தானாகக் காலியாகும்.

கிராஷும் ஃபோர்க்கும்

பிழை தேடுவதற்காக அங்கங்கே பிரிண்ட்எஃப் போடுபவர்களுக்குத்தான் பஃபர் பெரிய துரோகம் செய்கிறது. செக்மென்டேஷன் ஃபால்ட் ஆனால் பஃபரில் இருப்பது வெளியே வராது. அபார்ட் அழைத்தாலும் வரும் என்று நம்ப முடியாது. “இங்கே வந்தேன்” என்ற வரி வரவில்லை, ஆகவே அதற்கு முன்னால்தான் பிழை என்று முடிவு கட்டி, பிழையே இல்லாத பகுதியில் மணிக்கணக்காகத் தேடுவார்கள். பிழை தேடும் செய்திகளை எப்போதும் எஸ்டிடிஎர்ரில் எழுதுங்கள். டெர்மினலில் ஓட்டினாலும், எஸ்டிடிஅவுட்டில் நியூலைன் மறந்த வரி இப்படித்தான் காணாமல் போகும்.

ஆனால் இரண்டு ஸ்ட்ரீமையும் ஒரே கோப்புக்குத் திருப்பினால் வரிசை மாறித் தெரியும்: எஸ்டிடிஎர் உடனே போய்விடும், எஸ்டிடிஅவுட் பிறகு வரும். லாக்கில் முன்பின்னாக இருப்பதை நிரல் ஓடிய வரிசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபோர்க் செய்யும் (தன்னையே படியெடுத்து இன்னொரு பிராசஸை உருவாக்கும்) நிரலில் பஃபர் வேறு முகம் காட்டும். “தொடக்கம்” என்று நியூலைனோடு ஒருமுறை அச்சிட்டு, பிறகு ஃபோர்க்கை மூன்று முறை நிபந்தனையில்லாமல் அழைக்கும் நிரலை எழுதிப் பாருங்கள். டெர்மினலில் “தொடக்கம்” ஒருமுறை வரும். கோப்புக்குத் திருப்பினால் 8 முறை இருக்கும். அந்த வரி பஃபரிலேயே இருக்கும்போது ஃபோர்க் நினைவகத்தைப் படியெடுக்கிறது. 8 பிராசஸும் முடியும்போது தத்தம் படியை வெளியேற்றுகின்றன. ஃபோர்க்குக்கு முன்னால் எஃப்ஃப்ளஷ்(நல்) போட்டால் திறந்திருக்கும் எல்லா அவுட்புட் ஸ்ட்ரீமும் காலியாகும். சிஸ்டம் ஃபங்ஷனை அழைக்குமுன்பும் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அழைத்த கட்டளையின் அவுட்புட் உங்கள் தலைப்பு வரிக்கு முன்னால் போய் நிற்கும். எக்செக் வகை ஃபங்ஷன்களில் இன்னும் கறார்: பழைய நினைவகமே போய்விடுவதால் ஃப்ளஷ் செய்யாத எழுத்தும் அதோடு போகும்.

பஃபரை எங்கே விட்டுவைக்க வேண்டும்

தாமதத்தால் நொந்துபோனவர்கள் எல்லா நிரலிலும் என்பிஎஃப் போட ஆரம்பிப்பார்கள். 16 பைட் வரிகள் பத்து லட்சம் எழுதும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். முழு பஃபரில் 1,60,00,000 பைட்டுக்குச் சுமார் 3,907 ரைட் போதும். வரி பஃபரில் 10,00,000 ரைட். பஃபரை நிறுத்திவிட்டுப் புட்சாரால் எழுத்தெழுத்தாக எழுதினால் 1,60,00,000 ரைட். கோப்புக்கு மொத்தமாக எழுதி முடிக்கும் நிரலில் முழு பஃபரை அப்படியே விடுங்கள். அதை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இரண்டு பயன்பாடும் உள்ள நிரலென்றால், மெயினில் ஐஸாட்டி ஃபங்ஷனால் டெர்மினலா என்று பார்க்கலாம், அல்லது வரி பஃபரைக் கேட்கும் ஒரு கட்டளைவரித் தேர்வைப் பயனருக்குத் தரலாம். கிரெப் செய்திருப்பது இரண்டாவதைத்தான்.

எஃப்ஃப்ளஷ் கெர்னல்வரைதான் கொண்டு சேர்க்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மின்சாரம் போனாலும் வட்டில் இருக்க வேண்டிய தரவு என்றால் அதற்குப் பிறகு எஃப்சிங்க் வேண்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் சிக்கிய எழுத்து

இரவெல்லாம் ஓடிய நிரல் எங்கோ தொங்கிவிட்டது, கடைசி வரிகள் பஃபரில் இருக்கின்றன, கொன்றால் போய்விடும். அப்போது ஜிடிபி என்ற டீபக்கரை அதோடு இணைக்கலாம்:

ஜிடிபி -பி 4182
கால் (இன்ட்) எஃப்ஃப்ளஷ்(0)
டிடாச்

உபுண்டுவில் இயல்பான பாதுகாப்பு அமைப்பு பிற பிராசஸோடு இணைய விடாது, ஆகவே முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) தேவைப்படும். இன்ட் என்ற வகையை அடைப்புக்குள் தருவதற்குக் காரணம், டீபக் தகவல் இல்லாத லைப்ரரியில் ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று ஜிடிபிக்குத் தெரியாது. இணைத்ததும் முதலில் பிடி (பேக்ட்ரேஸ் கட்டளையின் சுருக்கம்) என்று தட்டி நிரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிரிண்ட்எஃபுக்குள்ளேயே நின்றிருந்தால் எஸ்டிடிஅவுட்டின் பூட்டு அதன் கையில் இருக்கும். அப்போது எஃப்ஃப்ளஷை அழைத்தால் அதுவும் சேர்ந்து தொங்கலாம். ஃபினிஷ் என்று கொடுத்துப் பிரிண்ட்எஃபை விட்டு வெளியே வந்த பிறகு அழையுங்கள். கால் வரி 0 என்று திரும்பினால் எல்லாம் வெளியேறிவிட்டது. லாக் கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு டிடாச் கொடுங்கள், நிரல் விட்ட இடத்திலிருந்து ஓடும்.